தோப்ஹானே வார்ப்புச் சாலை

இஸ்தான்புல் நகரின் பெயோலு மேட்டிலிருந்து போஸ்பரஸ் ஜலசந்தியை நோக்கிச் சரிந்திறங்கும் போகாஸ்கெசென் வீதி வழியே கடற்கரையை அணுகுகிற யாத்ரிகனுக்கு, ஈயத் தகடு வேய்ந்த குவிமாடங்களோடு தோன்றும் தோப்ஹானே, தொழுகைக்கென்று எழுந்த ஸ்தலம் போலவே காட்சியளிக்கும். உண்மையில் அது பீரங்கி வார்த்த சாலை. 1453-ல் இந்நகரை ஜயித்த இரண்டாம் மெஹ்மத் சுல்தான் காலத்தில் தொடங்கி, சுலைமான் சுல்தானால் விஸ்தரிக்கப்பட்டு, பின்வந்தோரால் பன்முறை புதுக்கப்பட்டது. இன்று மிமார் சினான் நுண்கலைப் பல்கலைக்கழகத்தின் காட்சிக்கூடமாக விளங்குகிறது. ஐந்து குவிமாடங்களின் கீழ் விரிந்த கூடத்தில் நான் நின்றபோது, சுவர்ச் சித்திரங்களைவிட, உஷ்ணமும் புகையும் மேலேறிப் போவதற்காக அத்தனை உயரத்தில் எழுப்பிய அக்கூரையே என் கண்ணை ஈர்த்தது.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கு நிகழ்ந்த வார்ப்பு வைபவத்தை எவ்லியா செலெபி என்னும் துருக்கிய யாத்ரிகர் வர்ணித்திருக்கிறார். இருபத்துநான்கு மணி நேரம் உலை எரிந்த பின், கண் மட்டும் தெரியும் விசித்திரக் குல்லாயும் தடித்த கைச்சட்டையும் பாதரட்சையும் தவிர வேறொன்றும் தரிக்காத தொழிலாளிகள் நெருப்பை அணுகுவார்கள். உருகும் உலோகம் தீய திருஷ்டியைப் பொறுக்காது என்ற நம்பிக்கையால், பணியாளர் நீங்கலாக நாற்பது பேருக்கே உள்ளே அனுமதி. தூரத்து ஆசனங்களில் அமர்ந்த மந்திரிகளும் ஷேக்குகளும் இடைவிடாது இறைநாமம் ஓத, ஆசாரிகள் மரத் துடுப்புகளால் வெள்ளீயத்தை அள்ளிச் செம்புக் குழம்பில் கொட்டுவார்கள். அப்போது தலைமை ஆசாரி, பொன்னும் வெள்ளியும் தர்மமாக இடும்படி பிரதம மந்திரியிடமே கேட்பானாம். பீரங்கிக்கு வலிமை தந்தது வெள்ளீயமே என்பது அவனுக்குத் தெரியாததன்று. ஆனால் அந்த ஒரு நாழிகையில் அவன் கேட்டதை மறுக்கத் துணியும் மந்திரி எவர்?

அச்சாலையில் ஓதப்பட்ட பிரார்த்தனை ஒரு மதத்துக்குரியதாயினும், வித்தை ஒரு தேசத்துக்கு அடங்கியதன்று. இந்நகரின் மதிலைத் தகர்த்த பெரும் பீரங்கியை எதிர்னேயில் வார்த்த ஒர்பான், ஹங்கேரியிலிருந்து வந்தவன். பைசாந்தியச் சக்கரவர்த்தியின் கஜானா அவன் கேட்ட ஊதியத்துக்குப் போதாமையாலேயே சுல்தானை நாடினான். நூறாண்டு கழித்து அவ்வித்தை நம் தேசத்தையும் எட்டியது. பீஜப்பூர்க் கோட்டைக் கொத்தளத்தில் சிங்கமுகத்தோடு கிடக்கும் மாலிக்-இ-மைதான் என்ற ஏறத்தாழ ஐம்பத்தைந்து டன் வெண்கலப் பீரங்கி, துருக்கியிலிருந்து வந்த ரூமி என்னும் வார்ப்பாசான் 1549-ல் அகமதுநகரில் வார்த்ததாகும். 1854-ல் ஆங்கிலேயர் அதை ஏலம் கூறியபோது அதிகபட்சமாகக் கிடைத்த கேள்வி நூற்றைம்பது ரூபாய். அந்த விலைக்குக் கொடுக்க மனமின்றி விற்பனையை ரத்துசெய்து விட்டார்கள்.