கயிற்றுக் கட்டில்

போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில் சிலமலையில் இருக்கிறது பெரியப்பாவின் வீடு. செங்கல் சுவர்கள், அவற்றின்மேல் தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, சின்னச் செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம். ஏலக்காய் மூட்டைகளை வைக்க மாடியில் ஓர் அறை எழுப்ப வேண்டும் என்பது அவருடைய ஆசை. குடும்பத்தில் கட்டடப் பொறியாளன் நான் ஒருவன்தான். "நீ பாத்துச் சொன்னாப் போதும்ப்பா" என்றார்.

இலக்கிய அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும், கொஞ்சம் பொறியியல். சென்னை திரும்பி வீட்டைக் கணினியில் வரைந்தேன். வழக்கம்போல் தளத்தின் எல்லாப் புள்ளிகளையும் ஒன்றாகப் பிணைத்து, அதை விறைப்பான தளமாக்கினேன். ஒரே சொடுக்குதான். அதன்பின் அத்தளத்தில் எத்தனை புள்ளிகள் இருந்தாலும் கிடைமட்டத்தில் மூன்றே அசைவுகள்: இரு திசைகளில் நகரலாம், மொத்தமாகத் திரும்பலாம். நிலநடுக்க விசையைச் சுவர்கள் தத்தம் விறைப்புக்கேற்பப் பங்கிட்டுக்கொள்ளும். முடிவுகள் அறைக்குச் சாதகமாகவே வந்தன.

நல்ல செய்தியோடு ஊருக்குப் போனேன். நான் உட்காரப் பெரியப்பா கயிற்றுக் கட்டிலின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். சட்டம் கோணிக்கொண்டு வந்தது. பலகைக் கட்டிலாக இருந்தால் நகர்ந்திருக்குமே தவிரக் கோணியிருக்காது. சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றது. உத்தரத்தோடு சேர்த்து வார்த்த கான்கிரீட் தளம் பலகைக் கட்டில். தலைக்குமேல் இருந்ததோ கயிற்றுக் கட்டில். வீட்டில் இல்லாத ஓர் ஒற்றுமையை நான் கணினிக்குள் கொடுத்திருந்தேன்.

தளத்தின் ஓரிடம் சராசரி இடப்பெயர்ச்சியைப்போல் 1.2 மடங்குக்கு மேல் வளைந்து நகர்ந்தால் அது நெகிழும் தளம் என்கிறது ஐ.எஸ். 1893 விதிநூலின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு. 2002இல் இந்த வரம்பு 1.5ஆக இருந்தது. கான்கிரீட் தளத்தைக்கூட, நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்குக்குள் இருந்தால்தான் பொதுவாக விறைப்பானதாகக் கொள்ளச் சொல்கிறது.

பிணைப்பை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டேன். தெருப்பக்கத்து நீளச் சுவர் தனியாளாக நின்றது. குறுக்கே விசை வந்தால் அதைப் பிடித்து நிறுத்த யாருமில்லை. 2001 ஜனவரி 26 அன்று கட்ச்சில், ஒன்றோடொன்று பிணைக்கப்படாத சுவர்கள் கொண்ட கல்வீடுகள் ஏராளமாகச் சரிந்தன. அதற்கு ஆறு வாரம் முன்புதான், 2000 டிசம்பர் 12 அன்று, எங்கள் மலைக்கு அப்பால் கேரளத்தில் பூமி அதிர்ந்திருந்தது.

மாடி அறை வேண்டாம் என்றேன். பெரியப்பா வருந்தவில்லை. "அப்ப, இத்தன நாளா நாங்க படுத்திருக்கோமே, இந்த வீடு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் கணினியிடம் கேட்டிருக்கவே இல்லை.

கட்டை முனைகளை இரும்புப் பட்டையால் சுவரோடு இறுக்கினோம். தளத்தின் அடியில் மூலைக்கு மூலை பெருக்கல் குறிபோல் பட்டைகளை ஓட்டினோம். மூட்டைகள் இன்னும் கீழே கூடத்திலேதான் இருக்கின்றன. வீடு முழுக்க ஏலக்காய் வாசனை. பெரியம்மா மட்டும் இடம் போதவில்லை என்று முணுமுணுக்கிறாள்.