அப்பா வைத்த அளவு

என் அப்பா தச்சு வேலை செய்தவர். நான் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். உளி பிடிக்க அவர் எனக்குச் சொல்லித் தரவில்லை. "நீ படி, அது போதும்" என்றுவிட்டார். பள்ளி விடுமுறையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான்.

அவர் போன பிறகு அவர் பெட்டியிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, கோடு இழுக்கும் மார்க்கிங் கேஜ் ஒன்றை மட்டும்தான். ஒரு தண்டு, நுனியில் கூரான ஆணி, தண்டில் நகரும் கட்டை, அதை இறுக்க மர ஆப்பு. கடைசியாக அவர் தட்டி இறுக்கிய இடத்திலேயே 11 வருஷமாக நின்றது.

போன மாதம் பூஜை அறைக் கதவுக்குப் புதுக் கீல்கள் வாங்கினேன். தகடு பழையதைவிடச் சற்று அகலம். ஸ்கேலும் பென்சிலும் வைத்து மேல் கீலுக்குக் குறித்துச் செதுக்கினேன். பள்ளம் ஆழமாகிவிட்டது. சாத்தினால் கீல் பக்கம் முட்டியது, கதவு மூடவில்லை.

கேஜை எடுத்தேன். ஆனால் ஆப்பைத் தட்ட மனம் வரவில்லை. அது அப்பா கை வைத்த அளவு. ஒரு தட்டில் போய்விடும்.

"ஏங்க, மாமா இருந்தா இதைக் கையில வெச்சுப் பார்த்துக்கிட்டா இருப்பார்?" என்றாள் மனைவி.

தட்டும் முன், ஒரு தேக்குத் துண்டில் அந்தப் பழைய அளவிலேயே ஒரு கோடு இழுத்துக்கொண்டேன். பிறகுதான் ஆப்பைத் தளர்த்தினேன்.

அப்பா ஸ்கேலைத் தொடமாட்டார். "ஸ்கேல் பொய் சொல்லாதுடா, பார்க்கிற கண்ணு சொல்லும்" என்பார். கீலையே கேஜில் வைத்து, தகட்டின் அகலத்துக்கு ஆணியை நிறுத்துவார். அதே அளவில் கதவிலும் நிலையிலும் எல்லாக் கீலுக்கும் கோடு இழுத்த பிறகுதான் ஆப்பைத் தொடுவார். அடுத்து தகட்டின் கனத்துக்கு வைத்து, பள்ளத்தின் ஆழத்தைக் குறிப்பார். முதல் கோடு லேசாக, இரண்டாவது சற்று அழுத்தி. அழுத்தி ஆரம்பித்தால் ஆணி மரத்தின் ரேகையோடு ஓடிவிடும். ஆணி கீறிய கோட்டில் உளி தானாக உட்காரும். பென்சில் கோட்டில் எந்தப் பக்கம் வெட்டுவது என்ற சந்தேகம் வரும்.

நானும் அப்படியே செய்தேன். ஆழமாகிப்போன மேல் பள்ளத்துக்கு மட்டும் கீலுக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டு வைத்தேன். அரை நாள் ஆயிற்று. கதவு ஒரு விரலால் தள்ளினால் சாத்திக்கொள்கிறது.

கேஜ் இப்போது நான் வைத்த அளவில் நிற்கிறது. கோடு போட்ட தேக்குத் துண்டு, பூஜை அறையில் அப்பா படத்துக்குப் பின்னால் இருக்கிறது.