மாலை நேர வெல்டிங் வகுப்பு

கலிபோர்னியாவில் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. பதினெட்டு வயதானால் போதும், யார் வேண்டுமானாலும் சேரலாம். மதிப்பெண் கேட்பதில்லை. மாநிலத்தில் ஓராண்டுக்கு மேல் வசித்து உள்ளூர்வாசி என்று தகுதி பெற்றவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம்.

பகலெல்லாம் மென்பொருள் சோதிக்கிற எனக்கு, மாலையில் அப்படியொரு கல்லூரியில் வெல்டிங் வகுப்பு. பக்கத்து மேசையில் ஓய்வுபெற்ற தபால்காரர். எதிரே பள்ளி முடித்த பையன். ஓரத்தில் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு நர்ஸ். முகமூடியை இறக்கினால் எல்லாரும் ஒன்றுதான்.

கருப்புக் கண்ணாடிக்குள் பார்த்தால் உருகிய இரும்பு சின்னக் குட்டையாகத் தேங்கி நிற்கும். அதன் விளிம்பைப் பார்த்தபடியே கையை நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் பற்று பிடிக்காது, தயங்கினால் தகடு ஓட்டையாகிவிடும். இவ்வளவு கவனமாக நான் எதையும் செய்ததில்லை. இவ்வளவு சந்தோஷமாகவும்!

இப்போது அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் சான்றிதழ்த் தேர்வுக்குத் தயாராகிறேன். அந்த நர்ஸும்தான். அவருக்கு இதுதான் இனி பிழைப்பு. நாற்பதுக்கு மேல் ஒருவர் தொழில் மாற்ற, கடன் வாங்காமல் ஒரு வழி இருக்கிறதே, இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வீட்டோடு இருக்கும் தோழிகளே, வேலைக்குத்தான் கட்டுப்பாடு, படிப்புக்கு இல்லை. உங்கள் ஊர்க் கல்லூரியின் பாடப் பட்டியலை இன்றே எடுத்துப் பாருங்கள்.