அரை லிட்டர் பால் எவ்வளவு கனம்?

நான் புனேவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. அம்மா வந்து எட்டு மாசம்தான். போன வருஷம் ஊர்ல லேசா பக்கவாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கிச்சு. நடை, பேச்சு எல்லாம் சரியாயிடுச்சு. இடது கைல மட்டும் பழைய பலம் இல்ல.

ஒரு நாள் காலைல கீழ போய் பால் வாங்கிட்டு வந்தாங்க. கைக்கு ஒண்ணா ரெண்டு அரை லிட்டர் பாக்கெட். "இடது கைல இருக்கறதுதான்டா கனம். அதுல பால் கூட இருக்கும் போல"ன்னாங்க. ஆபீஸ் கிளம்பற அவசரத்துல நான், "ரெண்டும் ஒரே அளவுதாம்மா, சும்மா எதையாவது சொல்லாத"ன்னு கத்திட்டேன். அதோட விட்டேனா? தங்கமணியோட சமையலறைத் தராசுல வெச்சு நிரூபிச்சும் காட்டினேன். இஞ்சினியர் புத்தி!

அம்மா ஒண்ணும் பேசல. மறுநாள்லேர்ந்து இடது கையால எதையும் தூக்கறதையே விட்டுட்டாங்க. நான் கவனிக்கவே இல்ல. பிசியோதெரபி பண்ற அம்மணிதான் கண்டுபிடிச்சு, என்னைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. தராசு கதையைச் சொன்னேன். சிரிக்காம, "உங்கம்மா சொன்னது சரி"ன்னாங்க.

எனக்குத் தெரிஞ்ச ஹிந்தில புரிஞ்சுகிட்டது இதுதான். தசையும் தசைநாணும் சேர்ற இடத்துல குட்டிக் குட்டி உணர்விகள் இருக்கு. 1906-ல நோபல் பரிசு வாங்கின இத்தாலிக்காரர் கோல்கி பேர்லதான் அதைச் சொல்றாங்க. தசை எவ்வளவு விசையோட இழுக்குதுன்னு அது மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். ஆனா மூளை அதை மட்டும் வெச்சு கனத்தை முடிவு பண்றதில்ல. 'தூக்கு'ன்னு தசைக்கு எவ்வளவு பெரிய உத்தரவு போட்டோம்னும் கணக்குல எடுத்துக்கும். பலம் குறைஞ்ச கைக்கு அதே அரை லிட்டரைத் தூக்கப் பெரிய உத்தரவு வேணும். அதனால பாக்கெட் நிஜமாவே கனக்கும்.

நம்பலையா? லிஃப்ட் வேலை செய்யாத அன்னிக்கு இருபது லிட்டர் தண்ணி கேனை மூணாவது மாடிக்குத் தூக்கிப் பாருங்க. கீழ இருந்த கனமும் மேல வர்றப்ப இருக்கற கனமும் ஒண்ணா? தண்ணி அதேதான். தசை களைச்சுப்போச்சு, அவ்வளவுதான்.

அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட, "நீ சொன்னதுதான் சரிம்மா, எனக்குத்தான் தெரியல"ன்னேன். "அதான் தராசுல போட்டுப் பாத்தியே"ன்னாங்க. சுருக்குன்னுச்சு.

இப்ப தினம் ஒரு பாக்கெட் இடது கைலதான் வருது. பிசியோ அம்மணியோட உத்தரவு. கதவைத் திறந்ததும் கேப்பேன், "இன்னிக்கு எவ்ளோ கனம்மா?"

நேத்து சொன்னாங்க: "முக்கால் லிட்டர் இருக்கும்டா."

போன மாசம் ரெண்டு லிட்டரா இருந்துச்சு.