இசைவு

சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். பழைய தமிழ் நூல்களைத் தேடிப்பிடித்து இணையத்தில் விற்பவள்; கூடவே பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு கதையை மின்மடலில் அனுப்புகிறாள். கதையால் வருமானம் ஏதுமில்லை. பிள்ளைகள் எழுதியனுப்பும் பதில்களுக்காகவே அதை விடாமல் செய்கிறாள் என்று நினைக்கிறேன்.

"ஐயா, ஓர் அறிவிப்பைத் தமிழில் எழுதித் தரவேண்டும்" என்றாள்.

2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது வகுப்பில் கொண்டாடிப் பேசியவன் நான். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. தமிழாசிரியனுக்குக் கசக்குமா? (அதன் ஆங்கில மூலம் ஆண், பெண் அனைவரையும் பெண்பாற் சொல்லாலேயே சுட்டுகிறது. நம் 'அவர்' இச்சிக்கலை என்றோ தீர்த்துவிட்டது.)

உட்கார்ந்தபின்தான் தெரிந்தது. 'சம்மதம்' என்றால் கல்யாண வீட்டு வாசனை. 'ஒப்புதல்' என்றால் அலுவலக முத்திரை. 'இசைவு' என்று எழுதினேன். அவ்விசைவு தன்னிச்சையாக, நிபந்தனையின்றி, விவரமறிந்து தரப்பட்டதாக இருக்கவேண்டும். தந்த எளிமையோடே திரும்பப் பெறவும் இயலவேண்டும்.

"என்னென்ன கேட்டு வாங்குகிறாய்?" என்றேன். பெயர், வயது, பள்ளி, கைப்பேசி எண். "பள்ளி எதற்கு?" சற்று மௌனம். "சும்மா கேட்டு வைத்தேன், ஐயா." அன்றிரவே அதை நீக்கிவிட்டாள். சட்டம் இல்லையேல் நானும் கேட்டிருக்கமாட்டேன், அவளும் யோசித்திருக்கமாட்டாள்.

சிக்கல் பிள்ளைகளிடம் இருந்தது. பதினெட்டு வயது நிரம்பாத எவரும் சட்டத்தின் கண்ணில் குழந்தையே. பெற்றோரின் இசைவைச் சரிபார்த்துப் பெறவேண்டும். அம்மாவின் கைப்பேசியிலிருந்து எழுதும் பதினைந்து வயதுப் பையனின் அம்மாவை இவள் எவ்வாறு சரிபார்ப்பாள்? பெருநிறுவனங்களுக்குச் சட்டத்துறை உண்டு. இவளுக்கு உள்ளவை ஒரு மடிக்கணினியும் ஒரு முகவரிப் பட்டியலும். குழந்தைகள் தொடர்பான கடமை தவறினால் தண்டம் 200 கோடி ரூபாய் வரை. மீறலின் தன்மையை எடைபோட்டே விதிக்கவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தொகையைக் கண்டவளுக்கு அந்த வரி கண்ணில் படவில்லை. சிலருக்குச் சில பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்களிக்கலாம். அதை நம்பிக் காத்திருக்க அவளுக்குத் துணிவில்லை.

விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். காலம் இருக்கிறதே என்றேன். "பயத்தோடு கதை எழுத வரவில்லை, ஐயா" என்றாள். நூல் விற்பனை தொடரும்; கதை மடல் நிற்கிறது. பிள்ளைகளுக்கு அதைத் தெரிவிக்கும் கடைசி மடலையும் என்னையே எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். இரண்டு வாரமாகிறது, இன்னும் தொடங்கவில்லை.