வாயில் யாருக்குத் திறக்கிறது?

சென்ற ஆண்டின் இறுதியில், மழை விட்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், கிளிநொச்சிக்குக் கிழக்கேயுள்ள எங்கள் கிராமத்து விவசாயி ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டு விறாந்தைக்கு வந்தார். அவர் கையில் தனியார் உயர்கல்வி நிறுவனமொன்றின் வண்ண விளம்பர ஏடு இருந்தது. அதனை ஈரம் படாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"மாஸ்டர், ஒரு ஏக்கர் வயலை வித்தால் முதல் வருசக் காசைக் கட்டிப்போடலாம். விக்கிறதோ, விடுறதோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்," என்றார்.

அப்பெண் என்னிடம் படித்தவள். கலைப்பிரிவிலே இரண்டு முறை உயர்தரப் பரீட்சை எழுதியும் வெட்டுப்புள்ளியைச் சிறிது தூரத்தில் தவறவிட்டவள். இப்போது ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறாள்.

தனியார் பல்கலைக்கழகம் என்ற சொல்லைக் கேட்டாலே கொதித்தெழும் தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 1981ஆம் ஆண்டின் கல்வி வெள்ளை அறிக்கைக்கு எதிராக ஊர்வலம் போனவர்களுள் நானும் ஒருவன். வடகொழும்புத் தனியார் மருத்துவக் கல்லூரி 1989இல் அரசுடைமையானபோதும், மாலபேத் தனியார் மருத்துவக் கல்லூரி ஒழிக்கப்படும் என்று 2017இல் அறிவிக்கப்பட்டபோதும் மகிழ்ந்தவன். ஆகவே அன்றும் எனக்குப் பழகிப்போன பதிலையே சொன்னேன்: "கல்வி சந்தைச் சரக்கு அல்ல, பிள்ளை."

அவள் தலைகுனிந்தபடியே, "அது சரி சேர். அப்ப நான் எங்க படிக்கிறது?" என்று கேட்டாள்.

நாற்பது ஆண்டுகளாக மேடைகளிற் பேசிய எனக்கு அக்கேள்விக்கு விடை தெரியவில்லை. இரண்டு நாள் பொறுத்து வருமாறு சொல்லி அனுப்பினேன்.

அன்றிரவு என் சித்தப்பாவின் நினைவு வந்தது. 1960களின் தொடக்கத்தில் முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்குச் சென்று, அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இலிகிதராய் அமர்ந்தவர் அவர். பகலெல்லாம் கோவைகளோடு மாரடித்துவிட்டு, மாலையில் பொரளையிலிருந்த அக்குவைனாஸ் சர்வகலாசாலைக் கல்லூரிக்கு ஆங்கிலம் படிக்கப் போவார். எங்கள் குடும்பம் சைவக் குடும்பம். ஆயினும் அங்கே ஒருவரும் தம் சமயத்தை விசாரிக்கவில்லை என்று அவர் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருடைய பாடக் குறிப்பேடுகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தோம். 2009இல் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடியபோது, அப்பெட்டியும் வழியில் எங்கோ விடுபட்டுப் போயிற்று.

கத்தோலிக்கத் திருச்சபையின் கொழும்பு உயர் மறைமாவட்டத்தின் சார்பிலே அக்கல்லூரியை 1954இல் நிறுவியவர் வணக்கத்துக்குரிய பீற்றர் பிள்ளை அடிகளார். கேம்பிரிட்ஜில் கற்றவர்; 1940 முதல் கொழும்பு சூசையப்பர் கல்லூரியின் அதிபராய் விளங்கியவர். சமூக நீதி என்ற பெயரிலேயே ஓர் ஆங்கில இதழை நடத்தி, தொழிலாளரின் கூலியைப் பற்றியும் குடியானவரின் நிலத்தைப் பற்றியும் எழுதி வந்தவர். 1891இலும் 1931இலும் பாப்பரசர்கள் தொழிலாளர் நிலை குறித்து வெளியிட்ட சுற்றுமடல்களே அவருடைய சிந்தனைக்கு ஊற்று. நம்மைப் போன்ற இடதுசாரிகளின் வழியை அவர் ஏற்றுக்கொண்டவரல்லர். எனினும், வறுமை விதியின் பயனன்று, சமுதாய அமைப்பின் விளைவே என்பதில் அவருக்கும் நமக்கும் அதிக பேதமில்லை.

அன்றைய நிலைமையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றே 1954இல் இந்நாட்டின் ஒரே பல்கலைக்கழகமாய் இருந்தது. 1952இல் அது பேராதனைக்குச் சென்று, மாணவர் விடுதியில் தங்கிப் பயிலும் கழகமாய் வளர்ந்துகொண்டிருந்தது. அதன் வாயில் மிகக் குறுகியது. அதற்குள் நுழைய முடியாத இலிகிதர்களும் இளம் ஆசிரியர்களும் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சையையே நம்பியிருந்தனர். அத்தகையோரை அணைத்துக்கொள்ள எழுந்ததே அக்குவைனாஸ். பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு அன்று இருக்கவில்லை, கற்பிக்கும் மனமிருந்தது.

அது தாங்கி நிற்கும் பெயரும் கருதத்தக்கது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இத்தாலியப் பிரபு குடும்பமொன்றிற் பிறந்த தோமஸ் அக்குவைனாஸ், பிச்சையேற்று வாழும் துறவியர் சபையிற் சேர விரும்பியபோது, அவருடைய உறவினரே அவரைச் சிறைவைத்தனர். அவர் தம் முடிவிலிருந்து மாறவில்லை. பாரிஸ் பல்கலைக்கழகத்தின் பேராசானாய் உயர்ந்த பின்பும் அச்சபையின் துறவியாகவே வாழ்ந்து, 1274இல் மறைந்தார்.

இவ்வளவும் எழுதுகையில், மறுபக்கத்தை மறைத்தால் நான் நேர்மையற்றவனாவேன். 1945இல் இந்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கன்னங்கரா இலவசக் கல்வியைப் பெற்றுக் கொடுத்தபோது, அதனைக் கடுமையாக எதிர்த்தோருள் கத்தோலிக்கத் திருச்சபையும் இருந்தது. 1960இலும் 1961இலும் இயற்றப்பட்ட சட்டங்களின்படி உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே குடியிருந்து எதிர்ப்புக் காட்டினர். கத்தோலிக்கப் பாடசாலைகளின் உரிமைக்காக வாதாடியவர்களுள் பீற்றர் பிள்ளை அடிகளார் முன்னணியில் நின்றார். சமூக நீதியைப் பேசியவர், ஏழைப் பிள்ளைக்குக் கல்வியை உரிமையாக்கிய பெரும் மாற்றத்தின் எதிர்ப்பக்கத்தில் நின்றது ஏன்? பாடசாலை அரசின் கைக்குப் போனால் சமயமும் சிறுபான்மையோரின் தனித்துவமும் அழிந்துவிடும் என்ற அச்சமே காரணமாகலாம். அந்த அச்சம் முற்றிலும் பொய்யென்று, அதற்குப் பின் வந்த ஆண்டுகளைக் கண்ட தமிழன் எவனும் சொல்லத் துணியான். ஆயினும் இலவசக் கல்வி வராதிருந்தால், என்னைப் போன்ற விவசாயி மகன் பல்கலைக்கழகத்தின் படியை மிதித்திருக்க முடியாது என்பதும் உண்மையே.

அப்படியானால் ஒரு கல்விக்கழகத்தை எதைக்கொண்டு அளப்பது? அதன் வாயில் எந்த நேரத்தில், எந்த மொழியில், எந்த விலைக்கு, எவருக்குத் திறக்கிறது என்பதைக்கொண்டே அளக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. உழைக்கும் இலிகிதனுக்கு மாலையில் வாயில் திறந்த கல்லூரி, தனியாருடையதாயினும், அந்த அளவிற்குப் பொதுமக்களுடையதே. ஓர் ஏக்கர் வயலை விலையாகக் கேட்கும் நிறுவனம், எந்தப் புனிதரின் பெயரைச் சூடினாலும், எந்தத் தேசத்துக் கொடியை ஏற்றினாலும், வியாபாரமே.

இதே அளவுகோலை நம் அரசின்மீதும் வைத்துப் பார்க்கவேண்டும். வன்னியில் இன்று உயர்கல்வி இல்லையென்று கூற முடியாது. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகம் எனத் தனித்து நின்றது எங்கள் மண்ணின் கழகம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. செட்டிகுளத்து முகாம்களில், 2009 ஆகஸ்டில், எங்கள் பிள்ளைகள் முள்வேலிக்குள்ளிருந்து உயர்தரப் பரீட்சை எழுதியதைக் கண்ட எனக்கு இவை பெரிய ஆறுதல்.

ஆனால் வவுனியாவிலுள்ளவை பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கை, தொழில்நுட்பக் கற்கை என்னும் மூன்று பீடங்களே. கிராமத்துப் பாடசாலையில் பௌதிகத்துக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர் இல்லாததனால் கலைப்பிரிவுக்குத் தள்ளப்பட்ட பிள்ளைக்கு, அதே மண்ணில் எழுந்த பல்கலைக்கழகத்தில் ஒரு கலைப்பீடமில்லை. வாயில் வீட்டருகே இருக்கிறது. அவளுக்கு அது திறப்பதில்லை. இதனைக் கேளாமல், தனியார் கல்வி ஒழிக என்று மட்டும் முழங்குவது, பசித்தவனிடம் கடைச்சோறு கெடுதி என்று சொல்லிவிட்டு அப்பாற் செல்வதற்கு ஒப்பாகும்.

இரண்டு நாள் கழித்துத் தந்தையும் மகளும் வந்தனர். வயலை விற்கவேண்டாம் என்றேன். மூன்றாம் முறையும் பரீட்சை எழுதலாம்; அதற்கு நான் துணை என்றேன். வயலைத் தக்கவைத்துக்கொள்வதும் ஒரு படிப்புத்தான் என்று தந்தை சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. "வேலை விட்டு வரேக்க ஆறு மணியாகும், சேர்," என்றாள்.

"ஆறு மணிக்கே வா," என்றேன்.

இப்போது தொழிற்சாலை பஸ் சந்தியில் நின்றதும், அவளோடு இன்னும் ஐவர் என் விறாந்தைக்கு வருகிறார்கள். இது பல்கலைக்கழகமன்று, பல்கலைக்கழகத்துக்கு ஈடாக இதனைக் காட்டினால் அது மோசடியாகும். வவுனியாவில் ஒரு கலைப்பீடம் வேண்டும். உழைக்கும் பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மாலைநேரப் பட்ட வகுப்புகள் கட்டணமின்றி வேண்டும். இக்கோரிக்கையை ஆசிரியர் சங்கங்களும் மாணவர் ஒன்றியங்களும் தம் தீர்மானங்களில் எழுத வேண்டும். வன்னியெங்கும் மண்டபங்களை வைத்திருக்கும் கோயில்களும் தேவாலயங்களும், அதுவரை மாலையில் அவற்றின் கதவுகளைத் திறந்துவிடட்டும். பீற்றர் பிள்ளை அடிகளாரிடம் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது அந்த மாலை விளக்கு ஒன்றுதான்.

நேற்று மின்சாரம் தடைப்பட்டது. ஆறு பேரும் எழுந்து போகவில்லை. அரிக்கன் லாம்பைக் கொளுத்தி நடுவில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தோம்.