செருப்பு

சென்னைக் கோட்டையைச் சுற்றிக் காட்ட நான் யாரிடமும் காசு வாங்குவதில்லை. ஊர்ப்பக்கமிருந்து வரும் நம் சனங்களை, அனுமதி வாங்கிக் கூட்டிப்போவேன். கிளைவுக்கு 1753இல் கல்யாணம் நடந்த தேவாலயத்தை வேகமாகத் தாண்டிவிடுவேன். (அவன் கல்யாணத்தால் நமக்கென்ன?) சட்டசபைப் பக்கம்தான் நின்று பேசுவேன்.

போன தடவை படியருகே ஒரு ஆயா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டது.

“ஏன் ஆயா?”

“பெரிய எடமாச்சேப்பா.”

தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1924இல் இந்தக் கோட்டையில் கூடிய சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தைச் சொன்னேன். பொதுத்தெரு, கிணறு, குளம், அரசு ஆபீசு எதிலும் நம்மைத் தடுக்கக் கூடாது. நிறைவேறியது, அரசாணையும் வந்தது.

ஆயா என்னையே பார்த்தது.

“அந்த ஆர்டரு எங்க ஊரு கொளத்துக்கு இன்னும் வந்து சேரலியேப்பா.”

பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் படியேறியது.